கையால வரைஞ்ச எழுத்தை மலருக்கு வைங்க, விபத்துச் செய்திக்கு வேண்டாங்க

ஆசிரியர் அய்யா அவங்களுக்கு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில இருந்து வணக்கமுங்க.

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை மலர்லயும் சிறுவர் பக்கத்துலயும் கொஞ்ச நாளா தலைப்பெல்லாம் பிரஷ்ஷால வரைஞ்ச மாதிரி ஒரு எழுத்துல வருது. ஒரு எழுத்து லேசா மேல ஏறி நிக்குது, பக்கத்து எழுத்து கொஞ்சம் இறங்கி நிக்குது, முனையெல்லாம் உருண்டை, கோடு ஒரே தடிமனா போகாம வளையுற இடத்துல கனமாயி முடியுற இடத்துல மெலிஞ்சு போகுது. பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா நான் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டர்ல எழுத்தும் பக்கமும் அமைச்சு அச்சுக்குத் தயார் பண்ற வேலை பாக்குறவன், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை போர்டு, பிளக்ஸ்னு எல்லாம் டிசைன் பண்றதுதான் என் பொழப்பு, தமிழ்ல இப்படி ஒரு எழுத்து அழகா அமையுறது எவ்வளவு கஷ்டம்னு கையில பட்டுத் தெரிஞ்சவன். ஆனா போன வாரம் அதே எழுத்துல உள்பக்கத்துல ஒரு சாலை விபத்துக்குத் தலைப்பு போட்டிருந்தீங்க. உயிர் போன செய்தி அது. அந்த எழுத்து அங்க துள்ளிக்கிட்டு நிக்குறதைப் பார்த்து மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க. நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க, டெம்ப்ளேட்ல இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருப்பாங்கன்னு புரியுது, ஆனாலும் எழுதாம இருக்க முடியல.

எழுத்துருல, அதாவது ஃபான்ட்ல, ரெண்டு வேலை இருக்குங்க. ஒண்ணு படிக்கிறதுக்கு, இன்னொண்ணு கூப்பிடுறதுக்கு. செய்தி ஓடுற எழுத்து படிக்கிறதுக்கு, அது தன்னைக் காட்டிக்கவே கூடாது, கண்ணு அது மேல வழுக்கிக்கிட்டுப் போயிடணும். தலைப்பு, போர்டு, போஸ்டர், அட்டைப்படம் இதெல்லாம் கூப்பிடுற வேலை, இதுக்கு வரையுற எழுத்தைத்தான் டிஸ்ப்ளே எழுத்துன்னு சொல்றோம், பெரிய சைஸ்ல நாலஞ்சு வார்த்தைக்குன்னு கணக்குப் போட்டு வரையுறது. அதுலயும் கையால வரைஞ்ச மாதிரி, சட்டை பட்டனை ரெண்டு கழட்டி விட்டுக்கிட்டு ரிலாக்ஸா உட்கார்ந்திருக்குற மாதிரி வர்ற எழுத்துக்கு ஒரு குரல் இருக்கு. அந்தக் குரல் "வாங்க, உட்காருங்க, பயப்படாதீங்க"ன்னு சொல்லுது. அப்படிச் சொல்ல வேண்டிய இடத்துல அதை விட நல்ல எழுத்து கிடையாது. சொல்லக் கூடாத இடத்துல அதை விடப் புண்படுத்துற எழுத்தும் கிடையாது.

இங்கிலீஷ்ல இதுக்கு ரொம்ப பிரபலமான கதை காமிக் சான்ஸ். 1994ல மைக்ரோசாஃப்ட்ல இருந்த வின்சென்ட் கொனார்ங்கறவர் வரைஞ்சது. கம்ப்யூட்டர் புதுசா பழகுறவங்களுக்காக பாப்னு ஒரு சாஃப்ட்வேர் அப்ப தயார் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, அதுல ஒரு கார்ட்டூன் நாய் வந்து பேசும், அது பேசுற பலூனுக்குள்ள டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து இருந்துச்சு. பேப்பர்ல செய்தி போடுறதுக்குன்னு பொறந்த எழுத்து அது, கார்ட்டூன் நாய் வாயில அது எப்படிப் பொருந்தும். அதைப் பார்த்துட்டுத்தான் காமிக்ஸ் புத்தகத்துல பலூனுக்குள்ள கையால எழுதுற பாணியை வச்சு அவர் புதுசா வரைய ஆரம்பிச்சார். பாப் வெளியாகுறதுக்குள்ள எழுத்து முடியல, பின்னாடி விண்டோஸ் 95க்கு வந்த பிளஸ் பேக்குங்கற கூடுதல் சாஃப்ட்வேர் தொகுப்புல சேர்ந்து ஊரெல்லாம் பரவுச்சு. பரவினதுதான் பிரச்சனை ஆயிடுச்சு. நோட்டீஸ் போர்டு, ஆபீஸ் சர்க்குலர், ஆஸ்பத்திரி அறிவிப்புன்னு எல்லாத்துலயும் போட்டாங்க. 2012 ஜூலை 4ஆம் தேதி ஹிக்ஸ் போசான்ங்கற அடிப்படைத் துகளைக் கண்டுபிடிச்சதை செர்ன்ங்கற இயற்பியல் ஆராய்ச்சி மையத்துல அறிவிச்சப்ப காட்டின ஸ்லைடுல கூட அந்த எழுத்துதான், இயற்பியலைப் பேசுறதை விட்டுட்டு பல பேர் எழுத்தைப் பத்திப் பேசினாங்க. எனக்கு அந்த எழுத்து மேல கோபமே கிடையாதுங்க. நாய் பலூனுக்கு அவர் எடுத்த முடிவு நூத்துக்கு நூறு சரி. பிரிட்டன்ல டிஸ்லெக்சியா சங்கம் படிக்கத் தடுமாறுற பிள்ளைங்களுக்கு ஏத்த எழுத்துன்னு சொல்ற வரிசையில அதையும் வச்சிருக்காங்க, ஒரு எழுத்து இன்னொண்ணோட நெருங்கி ஒட்டாம இருக்குறதால. எந்த இடத்துல உட்கார வைக்கிறோம்ங்கறதுல தான் எல்லாம் இருக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். சாயங்காலம் ஆயிட்டா சேலத்துல எந்தத் தெருமுனையில நின்னாலும் ஒரு தட்டுவடை செட் வண்டி இருக்கும். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட் கேரட் துருவல், சட்னி, கேக்குறவங்களுக்கு முறுக்கு நொறுக்கல், பூண்டு காரம், இதுக்கெல்லாம் விலைப் பட்டியல் எழுதணும்னா இந்த மாதிரி கையெழுத்து பாணிதான் வேணும். வண்டிக்காரர் வாயால சொல்ற மாதிரியே இருக்கும் அது. மாம்பழ சீசன்ல மல்கோவா, இமாம்பசந்து, சேலம் குண்டுன்னு அட்டையில எழுதி கூடையில குத்தி வைக்கிறதும் அதே குரல். ஏற்காட்டுல எஸ்டேட்காரங்க சின்னதா பாக்கெட் போட்டு விக்கிற காப்பித்தூள், மிளகு, வீட்டுல செய்யுற ஜாம், அந்த லேபிளுக்கும் பொருந்தும், கையால செஞ்ச பொருளுக்கு கையால வரைஞ்ச எழுத்து. பள்ளிக்கூட ஆண்டு விழா, பிள்ளைங்க கதைப் புத்தகம், காமிக்ஸ் பலூன், யூடியூப்ல சமையல் வீடியோவுக்கு முன்னாடி வைக்கிற படம், பொறந்தநாள் பத்திரிகை, டீ சர்ட், எல்லாத்துக்கும் சரி.

அதே செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு கடைக்கு நான் அந்த எழுத்தைப் போட மாட்டேன். எடையும் டச்சும் (வெள்ளியோட சுத்தமும்) பார்த்து காசு குடுத்து வாங்குற இடம், அங்க எழுத்து நேரா, அழுத்தமா, காலை ஊனி நிக்கணும். அம்மாப்பேட்டை வெண்பட்டு நெய்யுற கடைக்கு இன்னொரு மாதிரி, மெலிஞ்ச கோடு, நிறைய இடைவெளி. இதுக்கு புத்தகத்துல விதி எல்லாம் எழுதி வைக்கல, ஆனா கடைக்காரர் முன்னாடி ரெண்டு டிசைனை வச்சு எதுன்னு கேட்டா டக்குனு சரியானதைத் தொட்டுக் காட்டுவாரு, அவருக்கு தெரியுதுங்க.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க. தமிழ்ல கையெழுத்து மாதிரி எழுத்துரு பண்றது இங்கிலீஷை விட ஏன் கஷ்டம்னு பல பேருக்குத் தெரியாது, 247 எழுத்து இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடுவாங்க. உண்மையில வரைய வேண்டிய வடிவம் அவ்வளவு இல்ல. உயிர் பன்னெண்டு, ஆய்தம் ஒண்ணு, மெய் பதினெட்டு, ஜ ஷ ஸ ஹ க்ஷ ஸ்ரீ, அப்புறம் கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, கொக்கி இந்த மாதிரி துணை எழுத்துங்க, அவ்வளவுதான். ஆனா உகரமும் ஊகாரமும் வரும்போது தமிழ் ஒரே குறியைப் போட்டு ஒப்பேத்த விடாது, கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு ஒரு மாதிரி வளையும், ஆக பதினெட்டு ரெண்டு முப்பத்தாறு வடிவத்தை தனித்தனியா வரையணும். அதோட டி, டீ ரெண்டும் தனி. எல்லாம் சேர்த்தாலும் நூறுக்குள்ள அடங்கிடும். வேலை அங்க முடியல, அங்கதான் ஆரம்பிக்குது.

தமிழ்ல இரட்டிக்கிற எழுத்து அவ்வளவு ஜாஸ்தி. க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ம்ம, ற்ற, எந்த வரியை எடுத்தாலும் ரெண்டு மூணு கிடைக்கும். நம்ம ஊர்ப் பேரையே பாருங்க, அம்மாப்பேட்டைல ம ரெண்டு, ட ரெண்டு, செவ்வாய்ப்பேட்டைல வ ரெண்டு, ப ரெண்டு, ட ரெண்டு, அஸ்தம்பட்டி, கொண்டலாம்பட்டி, கிச்சிப்பாளையம், தட்டுவடை, எல்லாத்துலயும் இருக்கு. மனுஷன் கையால எழுதும்போது அடுத்தடுத்து வர்ற ரெண்டு ட ஒரே மாதிரி வரவே வராது, ஒண்ணு கொஞ்சம் அகலம், ஒண்ணு கொஞ்சம் குட்டை. எழுத்துருல ஒரே ட தான் இருக்குன்னா ரெண்டும் அச்சு அசலா இரட்டைப் பிள்ளைக்கு ஒரே சட்டை மாட்டி விட்ட மாதிரி பக்கத்துல பக்கத்துல நிக்கும், அந்த நிமிஷமே இது கையெழுத்து இல்ல மிஷினுன்னு கண்ணு கண்டுபிடிச்சிரும். இதுக்கு வழி இருக்கு. மைக்ரோசாஃப்ட்டும் அடோபியும் சேர்ந்து 1996ல அறிவிச்ச ஓப்பன்டைப்ங்கற முறையில ஒரே எழுத்துக்கு ரெண்டு மூணு வடிவம் வச்சு, பக்கத்துல அதே எழுத்து வந்தா மாத்தி எடுத்துக்கோன்னு எழுத்துருவுக்குள்ளேயே சொல்லி வைக்கலாம். டைப் பண்றவர் எதுவும் செய்ய வேண்டாம், தானா மாறும். ஆக குறைஞ்சது மெய்யெழுத்து வரிசை முழுசையும் ரெண்டு தடவை வரையணும், அந்த உகர ஊகார வடிவத்தையும் சேர்த்துத்தான், பத்து, பாட்டு, முறுக்கு எல்லாம் அதுல தானே வருது. இந்த உழைப்பைப் போட்டவங்க தமிழ்ல ரொம்ப கம்மி, நீங்க போட்டிருக்குற எழுத்துலயும் ரெண்டு வடிவம் இல்ல, ஞாயித்துக்கிழமை தலைப்புல "பட்டாம்பூச்சி"ன்னு வந்தப்ப கவனிச்சேன்.

அப்புறம் புள்ளி. துள்ளுற எழுத்துல வரி மேல கீழ போகுதா, மேல் வரியில சு, பு, யு மாதிரி கீழ இறங்குற எழுத்தோட வாலும் கீழ் வரியில இருக்குற புள்ளியும் போய் முட்டிக்கும். முட்டினா புள்ளி காணாம போயிரும், புள்ளி போனா பால் பால ஆயிடும், கல் கல ஆயிடும். அதனால கையெழுத்து பாணியில புள்ளியை கொஞ்சம் பெருசா, நல்லா உருண்டையா வைக்கணும், வரிக்கு நடுவுல இடமும் தாராளமா விடணும். நம்ம போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட்ங்க எல்லாரும் புள்ளியைப் பெருசாத்தான் வைப்பாங்க, தூரத்துல இருந்து தெரியணும்னு அவங்களுக்குத் தெரியும்.

இன்னொண்ணு, அவசரத்துல எழுதுன மாதிரி தெரியணும்னு வளைவை எல்லாம் சுருக்கினா ழ வும் மு வும் ஒண்ணாயிடும். மூணு சுழி ண ரெண்டு சுழி ன ஆயிடும். ர வோட கீழ் கோடு குட்டையாப் போனா கால் ஆயிடும். எழுத்தோட குணம் எந்த இடத்துல இருக்குன்னு தெரிஞ்சவங்க அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல விளையாடுவாங்க. சின்ன வயசுல இருந்து தமிழ்லயே எழுதிப் படிச்ச கைக்கு அது தானா வரும். இங்கிலீஷ் எழுத்துருவை முதல்ல வரைஞ்சுட்டு அதோட துண்டுகளை வெட்டி ஒட்டி தமிழ் பண்ணினா என்னாகும்னா ப வும் ட வும் பெட்டி பெட்டியா வந்து நிக்கும், அ வும் ஆ வும் சுழியவே சுழியாது. அப்படி வந்த எழுத்துங்க நிறைய பார்த்துட்டேன்.

நல்லதும் இருக்குங்க. கூகுள் ஃபான்ட்ஸ்ல காசு இல்லாம கிடைக்கிறதுல பலூ தம்பின்னு ஒண்ணு இருக்கு, மும்பையில எழுத்துரு வரையுற ஏக் டைப்காரங்க பண்ணது, நல்லா கொழுகொழுன்னு உருண்டையா போர்டுக்கு ஏத்த மாதிரி இருக்கும். கவிவாணர்னு சாய்ஞ்ச கையெழுத்து பாணியில ஒண்ணு, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைஞ்சது, வாழ்த்து அட்டைக்கும் கவிதை போடுறதுக்கும் ரொம்ப நல்லாருக்கும். ரெண்டும் யூனிகோடு, அதாவது எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை, அதனால டைப் பண்ணதை வாட்சப்ல அனுப்பலாம், தேடலாம், நாளைக்கு இன்னொருத்தர் திறந்தாலும் அதே தமிழாவே இருக்கும். எங்க மாதிரி டிடிபி சென்டர்ங்கள்ல இன்னும் பாதி வேலை பாமினி, செந்தமிழ் மாதிரி பழைய எழுத்துலதான் ஓடுது, ஏன்னா அலங்கார எழுத்தெல்லாம் அதுலதான் ஜாஸ்தி, அந்த ஃபைலை எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கொட்டிக் கிடக்கும். 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டாச்சு. அலங்கார எழுத்துங்க போதுமான அளவு யூனிகோடுல வந்துட்டா நாங்களும் மாறிடுவோம், வேற தடை எதுவும் கிடையாது.

யூனிகோடுக்கு மாறினாலும் ஒரு சிக்கல் இருக்கு, நம்ம ஊர்ப் பேர்லயே அது விளையாடும். சேலம்னு எழுதுறோம், கண்ணுக்கு கொம்பு முன்னாடி ச பின்னாடி, ஆனா கம்ப்யூட்டருக்குள்ள ச முன்னாடி கொம்பு பின்னாடிதான் பதியும், சாஃப்ட்வேர் தான் அதைத் தூக்கி முன்னாடி வைக்கணும். டிசைன் சாஃப்ட்வேர்ல தெற்காசிய மொழிக்கான செட்டிங் ஆன் பண்ணலேன்னா கொம்பு ச வுக்கும் ல வுக்கும் நடுவுல போய் நின்னு சலேம்னு வந்துரும். அப்படியே பிரிண்ட் ஆகி ரோட்டுல நிக்கிற போர்டை நானே பார்த்திருக்கேன், எந்தக் கடைன்னு சொல்ல வேண்டாம். பழைய ஃபோட்டோஷாப்ல டைப் செட்டிங்குக்குள்ள மத்திய கிழக்கு, தெற்காசியான்னு இருக்குறதை ஒரு தடவை டிக் பண்ணிட்டு மூடித் திறந்தா தீர்ந்துச்சு. இதை உங்க பேப்பர்ல ஒரு ஓரத்துல போட்டீங்கன்னா எவ்வளவோ போர்டு பிழைக்கும்.

அய்யா, இந்த எழுத்துக்கெல்லாம் மூலம் எங்க இருக்குன்னு பார்த்தா நம்ம ஊர் சுவத்துலதான் இருக்கு. ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குது, 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்சது, நூத்துக்கும் மேல படம் எடுத்த இடம். அந்தக் காலத்துல படத்தோட பேர், நடிகர் பேர், போஸ்டர் எழுத்து எல்லாமே ஒரு ஆள் உட்கார்ந்து கையால வரைஞ்சதுதான், பேய்ப் படத்துக்கு ஒரு எழுத்து, புராணத்துக்கு ஒரு எழுத்து, சிரிப்புக்கு ஒரு எழுத்துன்னு. அந்த மாதிரி எழுத்தைப் பார்த்துப் பழகின கைங்கதான் அப்புறம் குகையிலயும் அக்ரஹாரத்துலயும் லீ பஜார்லயும் கடை போர்டு எழுதுச்சு.

போர்டு எழுதுறதை உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். முதல்ல அடி பெயிண்ட் அடிச்சு காய விடுவாங்க. நூலை சாக்பொடியில தோய்ச்சு ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிச்சு ஒரு சுண்டு, நேர் கோடு விழுந்துரும். சாக்கட்டியில எழுத்தை லேசா வரைஞ்சு இடம் பத்துதான்னு பார்ப்பாங்க, கொம்பும் காலும் ஜாஸ்தியா வந்த பேர்ன்னா அப்பவே சுருக்கிக்குவாங்க. அப்புறம் இடது கையில ஒரு குச்சியைப் புடிச்சு சுவத்துல சாய்ச்சு அது மேல வலது மணிக்கட்டை வச்சுக்கிட்டு தட்டை பிரஷ்ல எனாமல் பெயிண்டை எடுத்து ஒரே இழுப்பு. அந்த இழுப்புல தான் கனமும் மெலிசும் தானா வரும், பிரஷ் திரும்புற இடத்துல ஒண்ணு, தூக்குற இடத்துல ஒண்ணு. கடைசில ஒரு பக்கமா ஷேடு. கம்ப்யூட்டர்ல நான் எவ்வளவு பாயிண்டை இழுத்து இழுத்து சரி பண்ணாலும் அந்த திரும்புற இடத்தோட உசுரு வர மாட்டேங்குது.

பழைய போர்டுங்கள்ல இன்னொரு அழகு, 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முந்தி எழுதினதுல முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வச்ச லை, னை இருக்கும், சேலைக்கடைன்னு எழுதினா அந்த லை ஒண்ணே போர்டைத் தூக்கி நிறுத்தும். மொத்தம் பதிமூணு எழுத்து அந்த சீர்திருத்தத்துல மாறுச்சு. பெரியார் 1935லயே தன்னோட குடி அரசு பத்திரிகைல ஆரம்பிச்சு வச்சது, பிள்ளைங்க படிக்கிறதுக்கும் அச்சுக்கோக்குறதுக்கும் அது பெரிய உதவி, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா போர்டுலயும் தலைப்புலயும் அந்தப் பழைய வடிவத்தை அலங்காரத்துக்கு வச்சுக்கலாம், எழுத்துருவுக்குள்ள கூடுதல் வடிவமா போட்டு வச்சா டைப் பண்றது அதே லை தான், தோற்றம் மட்டும் மாறும். கையால வரையுற எழுத்துக்கு இதை விட நல்ல சொத்து இல்லீங்க.

பிளக்ஸ் வந்தப்புறம் இந்த ஆர்ட்டிஸ்ட்ங்க நிறைய பேர் பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டாங்க. சாயங்காலம் சொன்னா காலையில கட்டிடலாம், விலையும் கம்மி, யாரையும் குத்தம் சொல்ல முடியாது, நானே பிளக்ஸ் டிசைன் பண்ணித்தான் சாப்பிடுறேன். சிலர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற கான்ட்ராக்டுக்குப் போயிட்டாங்க, சிலர் அங்கன்வாடி, பள்ளிக்கூடச் சுவத்துல படம் வரையுறாங்க. அந்தக் கை இன்னும் நடுங்காம இருக்கும்போதே அதை எழுத்துருவா மாத்தி வச்சுக்கணும்ங்கறது தான் என்னோட ஆசை. இது ஆகாத காரியமும் இல்ல. அவரைக் கூப்பிட்டு அ ஆ இ ஈன்னு வரிசையா எழுதச் சொல்லக் கூடாது, அப்படிச் சொன்னா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைப்பா எழுதுவாரு. வார்த்தை குடுக்கணும், அவர் எழுதிப் பழகின வார்த்தைங்க, முருகன் துணை, சேலைக்கடை, காப்பித்தூள், பஞ்சர் ஒட்டப்படும், தட்டுவடை செட், அப்படி எழுதும்போது தான் ஒரு எழுத்து பக்கத்து எழுத்தைப் பார்த்து எப்படி நகருதுன்னு தெரியும். அதை ஸ்கேன் பண்ணி இன்க்ஸ்கேப்ல கோடு எடுத்து ஃபான்ட்ஃபோர்ஜ்ல சேர்த்தா போதும், ரெண்டுமே காசில்லாம கிடைக்கிற சாஃப்ட்வேர். பொறுமை தான் வேணும். முக்கியமா அவருக்குப் பணம் குடுக்கணும், எழுத்துரு மேல அவர் பேர் இருக்கணும். ஒருத்தர் வாழ்நாள் முழுக்கப் பழகின கையை ஒரு போட்டோ புடிச்சுட்டுப் போய் எழுத்துரு ஆக்கிட்டு பேரே சொல்லாம விடுறது ரொம்பத் தப்புங்க.

இந்த எழுத்து போகக் கூடாத இடத்தையும் சொல்லிடறேன். ஏற்காடு ஏறுற மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. மழை நாள்லயும் மார்கழிக் காலையிலயும் பனிமூட்டம் இறங்கினா பத்தடி தள்ளி இருக்குறது தெரியாது. அங்க "மெதுவாகச் செல்லவும்", "ஹாரன் அடிக்கவும்"ங்கற எழுத்து நேரா, தடிமனா, இடைவெளி விட்டு, ஒரே வரியில நிக்கணும், வண்டி ஓட்டுறவர் கண்ணு ஒரு நொடிதான் அதுல படும். மலை மேல ஒரு தங்குற விடுதியில பாறை விளிம்புக்குப் பக்கத்துல "இதற்கு மேல் செல்லாதீர்"னு ஒரு பலகை வச்சிருந்தாங்க, கேட்டுல இருந்து மெனு கார்டு வரைக்கும் எல்லாம் ஒரே பாணியில இருக்கணும்னு அதையும் அதே துள்ளுற எழுத்துல, காப்பிக் கொட்டை படமெல்லாம் போட்டு, பிரவுன் மேல மங்கலான மஞ்சள்ல. கேட்டுக்கும் மெனு கார்டுக்கும் ரொம்ப அழகா இருந்துச்சு. பாறைகிட்ட பிள்ளைங்க அந்தப் பலகையில சாய்ஞ்சு செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எழுத்து கூப்பிடுது, எப்படி விலகிப் போவாங்க.

மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டையில வேளை எழுதுறது, கரண்ட் டிரான்ஸ்பார்மர் மேல "அபாயம்", பேங்க் நோட்டீஸ், இதுக்கெல்லாம் சொல்லவே வேண்டாம். ஆனா கண்ணீர் அஞ்சலியைச் சொல்லணும். சாவு வீட்டுல இருந்து ராத்திரி போன் வரும், காலையில கட்டணும்பாங்க, அவசரத்துல போன வாரம் காதுகுத்துக்குப் பண்ணின டிசைனை எடுத்து போட்டோவையும் பேரையும் மாத்தி அனுப்புற வழக்கம் இந்தத் தொழில்ல இருக்கு. காதுகுத்துக்கு நல்லா இருந்த அதே குதிக்கிற எழுத்து, அங்க பெரியவர் போட்டோவுக்குக் கீழ நிக்கும். வீட்டுக்காரங்க அந்த நேரத்துல எதையும் கவனிக்க மாட்டாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு அந்த பேனரைப் பார்க்கும்போது மனசுக்கு ஏதோ உறுத்தும், எதுன்னு சொல்லத் தெரியாது. எங்க சென்டர்ல அஞ்சலிக்குன்னு தனியா ஒரு அமைதியான எழுத்தை வச்சிருக்கோம், அதைத் தவிர வேற எழுத்தை அங்க எடுக்குறதே இல்ல. விபத்துச் செய்தியை நீங்க போட்டதைப் பார்த்தப்ப எனக்கு அந்த பேனர்ங்க தான் ஞாபகம் வந்துச்சு.

ஆடி மாசம் வருதுங்க. கோட்டை மாரியம்மன் பண்டிகைன்னா ஊரே நோட்டீஸும் பிளக்ஸும் சீரியல் லைட்டுல எழுதின ஓம் சக்தியுமா நிறைஞ்சு கிடக்கும். வருஷத்துல நம்ம ஊர் எழுத்தையெல்லாம் மொத்தமாப் பார்க்கணும்னா அந்த மாசந்தான். அப்ப உங்க போட்டோகிராபர் ஒருத்தரை விட்டு, இன்னும் கையால எழுதின போர்டு இருக்குற கடைங்களைப் படம் எடுத்து மலர்ல ஒரு முழுப் பக்கம் போடுங்க, எழுதினவர் யார்னு கடைக்காரர்கிட்ட கேட்டு சம்மதத்தோட பேரையும் போடுங்க. பல கடையில சொல்லுவாங்க, மூலையில சின்னதா ஆர்ட்ஸ்னு கையெழுத்தும் இருக்கும். கடைப் பலகையில தமிழ் முதல்ல, பெருசா இருக்கணும்னு அரசு விதி இருக்கு, ஆனா பெருசா இருக்குற தமிழ் அழகாவும் இருக்கணும்னா பார்த்துப் பழக நல்ல மாதிரி வேணும், அந்தப் பக்கத்தை வெட்டி எங்க மாதிரி டிசைனருங்க கம்ப்யூட்டர் பக்கத்துல ஒட்டி வச்சுக்குவோம்.

உங்ககிட்ட நேரடியா கேக்குறது ரெண்டு மூணுதான். இந்த எழுத்தை மலர், சிறுவர் பக்கம், சமையல், திருவிழா, சினிமா இதோட நிறுத்திக்கோங்க, உள்பக்க டெம்ப்ளேட்ல இருந்து எடுத்துடச் சொல்லுங்க. தலைப்புக்கு மட்டும் போடுங்க, சிறுவர் பக்கத்துல போன தடவை கதை முழுசையும் சின்ன சைஸ்ல இதுலயே ஓட்டியிருந்தீங்க, பேப்பர் இங்க்கை உறிஞ்சிப் பரவ விட்டுருச்சு, ண வோட சுழியும் ஐ யோட உள்பக்கமும் அடைச்சுக்கிட்டு எங்க வீட்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாம விட்டுட்டா. எழுத்தை வரைஞ்சவர் பேரை மலர்ல ஓவியர் பேர் போடுற இடத்துலயே சேர்த்துப் போடுங்க. அவர் உங்க ஆபீஸ்காரராவே இருந்தா இந்தக் கடிதத்தை அவர்கிட்ட குடுங்க, க வும் த வும் ரொம்ப அழகா வந்திருக்குன்னு ஒரு ஆள் சேலத்துல இருந்து எழுதியிருக்கான்னு சொல்லுங்க, ட வுக்கும் ப வுக்கும் ம வுக்கும் மட்டுமாவது முதல்ல ரெண்டாவது வடிவம் வரைஞ்சு சேர்க்கச் சொல்லுங்க, ழ வோட வாலை இன்னும் கொஞ்சம் கீழ இறக்கினா மு வோட குழம்பாது.

இப்படிக்கு,
உங்க வாசகன், டிடிபி டிசைனர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.